48 கிலோபைட் ஆகாயம்

கேசட்டிலிருந்து ஒரு விண்கலம் திரைக்கு வந்து சேர ஐந்து நிமிடம் பிடிக்கும். டேப் ரெக்கார்டரில் ‘ப்ளே’ பொத்தானை அழுத்தியதும் டிவித் திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த பட்டைகள் உருளும். ‘பீ’ என்று ஒரே சுருதியில் ஓர் ஓசை. அது நின்றதும் பட்டைகள் மெலிந்து, நீலமும் மஞ்சளுமாகத் துடிக்கும். ஓசை கரகரத்து இரைச்சலாகும். அதற்குப் பிறகுதான் படம் இறங்கும். அதுவும் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்காது. திரை மூன்று பங்காகப் பிரிந்து, ஒவ்வொரு பங்கிலும் வரி விட்டு வரி நிரம்பும். முழுப் படமும் கறுப்பு வெள்ளையில் வந்து முடிந்த பிறகு, கடைசியாக நிறம் மட்டும் கட்டம் கட்டமாக அதன் மேல் படியும்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் விளையாடியவர்களுக்கு இந்த வரிசை மறக்காது. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் அதை வெளியிட்டது. ரப்பர் சாவிகள் வைத்த ஒரு கறுப்புப் பலகை. மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள்தான். வீட்டு டிவிதான் திரை. விளையாட்டைச் சேமித்து வைப்பது பாட்டு கேட்கும் கேசட்டில். நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தைக்கூட அந்த இடத்தில் அடக்க முடியாது. அதற்குள் நட்சத்திரங்கள், எதிரிக் கலங்கள், குண்டுகள், வெடிச்சத்தம், ஸ்கோர் எல்லாம் அடங்கின.

அந்த ஓசையை நான் முதலில் கேட்டது நாகூரில், வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன ஒரு சபுராளியின் வீட்டுக் கூடத்தில். சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டியில் டிவியும் டேப் ரெக்கார்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றாக வந்திருந்தன. அப்படி ஒன்றாக வந்ததுதான் அதிர்ஷ்டம். ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யு.எச்.எஃப் 36ஆம் சேனலில் அனுப்பும். தூர்தர்ஷனுக்காக நம் ஊரில் செய்த பல டிவிகளில் அன்று யு.எச்.எஃப் கிடையாது. கம்ப்யூட்டர் மட்டும் வந்த வீடுகளில் அது பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

காலையில் இசைமுரசு நாகூர் ஹனீபா பாடிய அதே டேப் ரெக்கார்டரில் சாயங்காலம் விண்கலம் இறங்கும். ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு மெஷினில் பதிவானது. பதிந்த கோணமும் படிக்கும் ஹெட்டின் கோணமும் ஒரு மயிரிழை மாறினாலும் பாட்டு கேட்கும், புரோகிராம் ஏறாது. நாலாவது நிமிடத்தில் ‘டேப் லோடிங் எரர்’ என்று ஒரு வரி வந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து. அந்த வீட்டு நானா சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஹெட்டுக்குப் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புவார். இரைச்சல் கூர்மையாகும் இடம் வந்ததும் நிறுத்துவார். விளையாட்டு ஏறிவிடும். மறுநாள் காலையில் உள்ளேயிருந்து அவருடைய உம்மாவின் குரல் வரும்: “ஹனீபா குரலு அடைச்சுப் போய்க் கெடக்கே, என்னத்த வாப்பா பண்ணி வச்சீங்க?” ஸ்க்ரூ மறுபடி திரும்பும்.

கடைமடைக்குத் தெரிந்த கணக்கு

விண்வெளியில் அணி அணியாக வரும் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளுக்கு மூலம் 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. அதை வடிவமைத்து, புரோகிராம் எழுதி, அதற்கான மின்சுற்றையும் தயாரித்தவர் தோமோஹிரோ நிஷிகாடோ. வரிசைக்கு 11 என ஐந்து வரிசையில் 55 எதிரிகள் பக்கவாட்டில் நகர்ந்து, விளிம்பைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்குவார்கள். கீழே ஒரு பீரங்கி. அதை இடவலமாக நகர்த்திச் சுட வேண்டும். நான்கே சுரங்கள் கொண்ட ஒரு தாளம் பின்னால் அடித்துக்கொண்டே இருக்கும். எதிரிகள் குறையக் குறைய மீதிப் பேர் வேகம் எடுப்பார்கள், தாளமும் கூடவே வேகம் எடுக்கும். கடைசி ஒருவன் திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்வான். நெஞ்சு அடித்துக்கொள்வது அங்கேதான்.

அந்த வேகத்தை நிஷிகாடோ திட்டமிட்டு வைக்கவில்லை. அந்த மெஷினில் இருந்தது இன்டெல் 8080 சில்லு. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எதிரியை நகர்த்தி வரையத்தான் அதற்கு நேரம் இருந்தது. 55 பேர் இருந்தால் ஒருவனுடைய முறை திரும்பி வர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் பங்கு கேட்கும் வயல்கள் குறைந்தால், இருக்கிற வயலுக்கு முறை சீக்கிரம் வரும். இங்கேயும் அதுதான் நடந்தது. ஒருவனே மிஞ்சும்போது ஒவ்வொரு முறையும் அவனுடையதே. சில்லின் இயலாமை என்று நிஷிகாடோ அதைத் திருத்தியிருக்கலாம். விளையாடிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டார். உலகத்தின் கைகளை நடுங்க வைத்த முடிவு அது.

அடுத்த வருடம், 1979இல், நாம்கோ ‘கேலக்ஸியன்’ கொண்டுவந்தது. எதிரிகளுக்கு நிறம் வந்தது. அணியிலிருந்து பிரிந்து வளைந்து வளைந்து நம் தலைமேல் பாயக் கற்றுக்கொண்டார்கள். என் கணக்கில் இந்த வகை விளையாட்டுகளில் இதுவே உச்சம், காரணம் ஒரே ஒரு விதி: திரையில் ஒரு நேரத்தில் நம் குண்டு ஒன்றுதான் இருக்கலாம். குறி தப்பினால் அந்தக் குண்டு உச்சிக்குப் போய் மறையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிட்டே வருபவனைச் சுட்டால் குண்டு உடனே தீர்ந்து அடுத்தது கிடைக்கும்; எட்ட நிற்பவனைச் சுட்டால் காத்திருக்க வேண்டும். பொத்தானை விடாமல் தட்டுகிறவன் சீக்கிரம் சாவான். தலைமைக் கலம் இரண்டு காவல் கலங்களோடு இறங்கும்போது முதலில் காவலர் இருவரையும் வீழ்த்தி, பிறகு தலைவனை வீழ்த்தினால் 800 புள்ளி. தலைவனை மட்டும் அவசரப்பட்டு அடித்தால் அதில் பாதிகூடத் தேறாது. பத்து வயதுப் பையன்களுக்குப் பொறுமையை இவ்வளவு கறாராகச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை.

காசு போட்டு ஆடும் இந்த மெஷின்களுக்கெல்லாம் சீக்கிரமே வீட்டுப் பிரதிகள் வந்தன. ஸ்பெக்ட்ரத்துக்கு ‘ஸ்பேஸ் ரெய்டர்ஸ்’. பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு கம்ப்யூட்டருக்கு 1982இல் நிக் பெல்லிங் எழுதிய ‘ஆர்கேடியன்ஸ்’, கேலக்ஸியனின் அச்சு. 1983இல் அல்டிமேட் நிறுவனத்தின் ‘ஜெட்பேக்’. முதுகில் ஜெட் கட்டிய மனிதன் ராக்கெட்டின் பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எரிபொருள் நிரப்பி, இடையில் வருபவர்களைச் சுட்டுத் தள்ளிக் கிளம்புவான். அது 16 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்திலேயே ஓடியது.

இத்தனை விளையாட்டுகளும் விண்வெளியில் நடந்ததற்குக் காரணம் அந்தக் கால ஆகாய மோகம் மட்டும் இல்லை. ஸ்பெக்ட்ரத்தின் திரை குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள். புள்ளிகளுக்கு 6,144 பைட், நிறத்துக்கு வெறும் 768 பைட். அதாவது எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முன்நிறம், ஒரு பின்நிறம், அவ்வளவுதான். பச்சை மரத்துக்கு முன்னால் சிவப்புச் சட்டைக்காரன் நடந்தால் மரத்தின் ஒரு துண்டு சிவப்பாகிவிடும், அல்லது அவன் பச்சையாகிவிடுவான். ஆகாயத்தில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பின்னால் எப்போதும் கறுப்பு. வரைய மரம் இல்லை, வீடு இல்லை. நகர்ந்த கலத்துக்குப் பின்னால் எதையும் மறுபடி வரைந்து நிரப்ப வேண்டியதும் இல்லை. ஏழைக் கம்ப்யூட்டருக்குக் கட்டுப்படியான ஒரே நிலப்பரப்பு அந்தக் கறுப்பு வானம்தான்.

ஏழை என்று சொன்னது சும்மா இல்லை. 48 கே ஸ்பெக்ட்ரத்தின் மேல் 32 கே நினைவகத்துக்கு, ஒரு பாதி பழுதான 64 கிலோபிட் சில்லுகளை மலிவாக வாங்கிப் பயன்படுத்தினார்கள். பழுதான பாதியை விட்டுவிட்டு நல்ல பாதியை மட்டும் இணைத்தார்கள். 175 பவுண்டுக்கு அதை விற்க முடிந்ததில் அந்தச் சிக்கனத்துக்கும் பங்கு உண்டு.

12,000 பெட்டிகள்

நம் அரசாங்கமும் இந்தத் தலைமுறைக் கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தது, கொஞ்சநஞ்சம் இல்லை. 1984-85இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் திட்டம் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் ஏறக்குறைய 250 பள்ளிகள். மொத்தத்தில் 12,000 மெஷின்கள் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மொகாலியில் இருந்த பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதையே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது. ‘டால்பின்’ என்று இன்னோர் இந்தியப் பிரதியும் வந்தது. ஒரிஜினலில் சிவப்பாக இருந்த மேல்வரிசைச் சாவிகள் அதில் நீலம். ஸ்பெக்ட்ரமும் இங்கே பிறந்தது. புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்று வெளியிட்டது.

ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்திருந்த நேரம். ஆனந்த விகடனில் சுஜாதா கம்ப்யூட்டரையும் ரோபோ நாயையும் வாரா வாரம் வீட்டுக்குள் கொண்டுவந்த காலம். கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே ஒரு வெளிச்சம் இருந்தது. பள்ளியில் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மெஷினுக்குத் துணிப்போர்வை உண்டு. ஒரு சாவிப்பலகைக்கு ஐந்தாறு பேர் சுற்றி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு வரி தட்டிவிட்டு நகர வேண்டும். கூட வந்த பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. விளையாட்டு கூடாது. இதுதான் அந்த அறையின் முதல் விதி. எந்தப் பள்ளி என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேட்டால் ஊருக்கு ஊர் இதையே சொல்வார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இதில்தான். விளையாட்டைத் தடுத்தவர்கள் கம்ப்யூட்டருக்குள் போகும் வாசலையே அடைத்துவிட்டார்கள். பாடத்தில் இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் பையன் கூட்டிவிட்டுப் போய்விடுவான், கேள்வி கேட்க மாட்டான். ஓர் எதிரி வளைந்து பாய்வதைப் பார்த்தால் “இதை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்பான். அப்படிக் கேட்பவனுக்குப் பதில் சொல்ல அந்த மெஷின் தயாராக இருந்தது. பிபிசி மைக்ரோவைப் போட்டதும் பீப் சத்தத்தோடு நேராக பேசிக் மொழிதான் வந்து நிற்கும். சோஃபி வில்சன் எழுதிய அந்த பேசிக்குக்கு உள்ளேயே சில்லின் சொந்த மொழியில் எழுதவும் வழி இருந்தது. வேறு மென்பொருள் வாங்க வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஒரு கிராஃப் நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கட்டங்களுக்கு மேல் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். முதல் வரிசையில் நடு இரண்டு கட்டங்களைக் கறுப்பாக்கினால் 16ம் 8ம் சேர்ந்து 24. இரண்டாவது வரிசையில் நடு நான்கு கட்டம், 60. அடுத்தது ஆறு கட்டம், 126. நாலாவதில் இரண்டு கண்களுக்கு இடம் விட்டால் 219. ஐந்தாவது முழுக் கறுப்பு, 255. பிறகு கால்கள்: 36, 90, 165. பிபிசி மைக்ரோவில் மோட் 4க்குப் போய், விடியு 23, 224 என்று தட்டி, பின்னாலேயே இந்த எட்டு எண்களையும் கொடுத்து, கடைசியில் விடியு 224 என்று தட்டினால் திரையில் ஓர் இன்வேடர் பிறந்துவிடுவான். இரட்டை எண் முறையைப் பாடமாக நடத்தினால் ஒரு பருவம் ஆகும். இப்படி நடத்தினால் ஒரு சாயங்காலம் போதும்.

அந்த 224இலிருந்து 255 வரை பிபிசி மைக்ரோ நமக்கென்று காலியாக விட்ட இடங்கள் 32. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31. எதிரியை வரைந்த அதே பையன், அதே கிராஃப் நோட்டில், ‘ப’வையும் ‘ட’வையும் வரைந்து ஏற்றியிருக்கலாம். எட்டுக் கட்டத்துக்குள் ‘ஐ’யை அடக்கத் திணறியிருப்பான், உயிர்மெய்களுக்கு இடம் போதாமல் வழி தேடியிருப்பான். அதே 1980களின் நடுவில் மலேசியாவில் முத்து நெடுமாறன் தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைத் தொடங்கி ‘முரசு’வைக் கொண்டுவந்தார். போர்வை மூடிய அறைகளில் நம் பிள்ளைகளிடமும் அதற்கு வேண்டிய கருவி இருந்தது.

விளையும் கிரகம், விற்கும் கிரகம்

பிபிசி மைக்ரோவுக்கு 1984 செப்டம்பரில் ஒரு விளையாட்டு வந்தது: ‘எலைட்’. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல்; கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். முதலில் இதை ஒரு பெரிய நிறுவனத்திடம் காட்டினார்கள். மூன்று உயிர் எங்கே, பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டாமா, ஸ்கோர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஏகார்னின் விளையாட்டுப் பிரிவான ஏகார்ன்சாஃப்ட் எடுத்துக்கொண்டது.

எலைட்டில் நாம் விமானி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். எதிரிக் கலங்கள் கோட்டுச் சித்திரங்களாக, முப்பரிமாணத்தில், உருண்டு புரண்டு வருகின்றன. பின்பக்கக் கோடுகள் மறைந்து கலம் கனமாகத் தெரிகிறது. மேலே கூர்மையான கறுப்பு வெள்ளை வானம், கீழே நிறத்தோடு கருவிப் பலகை. பிபிசி மைக்ரோவில் ஒரே நேரத்தில் இரண்டு வகைத் திரை வராது. திரை வரையப்படும் நடுவழியில், கடிகாரச் சில்லு ஒன்று கொடுக்கும் சமிக்ஞையைப் பிடித்து முறையை மாற்றினார்கள், ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும்.

எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஒவ்வோர் உலகத்துக்கும் பெயர், அரசாங்கம், தொழில், மக்கள்தொகை, விலைப்பட்டியல். 32 கிலோபைட் மெஷினில் இதை எழுதி வைக்க இடம் ஏது? எழுதி வைக்கவில்லை. மூன்று எண்களை விதையாக வைத்துக்கொண்டு, முந்தைய எண்களைக் கூட்டிக் கூட்டி அடுத்ததைப் பிறப்பிக்கும் கணக்கு ஒன்றை எழுதினார்கள். ஒரு விதைக்கு எப்போதும் ஒரே அண்டம்தான் முளைக்கும். 1984இல் கேம்பிரிட்ஜில் முளைத்த அதே லேவ் கிரகம்தான் இன்று நாகூரில் என் திரையிலும் முளைக்கிறது.

ஆட்டம் லேவில் தொடங்குகிறது. கையில் 100 கிரெடிட், ஒரு கோப்ரா கலம், சாதாரண லேசர், மூன்று ஏவுகணை. லேவ் விவசாய உலகம். உணவு அங்கே மலிவு. அதை ஏற்றிக்கொண்டு ஸாவான்ஸ் போன்ற தொழில் உலகத்துக்குப் போனால் நல்ல விலை. திரும்பும்போது அங்கே மலிவாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர்களை ஏற்றி வந்து லேவில் விற்றால் இன்னும் நல்ல லாபம். வழியில் கொள்ளையர், அதற்குத்தான் லேசர். தடை செய்த சரக்கை ஏற்றினால் போலீஸ் கலங்கள் துரத்தும்.

நாகூர்ப் பிள்ளைக்கு இந்த விளையாட்டில் புதிதாகச் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது! நெல் விளையும் தஞ்சைச் சீமையின் கடல் விளிம்பில் இருக்கும் ஊர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் நாகூர் தர்காவுக்கு ஒரு மறு உருவம் எழும்பியது என்றால், போனவர்கள் எத்தனை பேர், எத்தனை காலமாகப் போனார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்ததோடு அந்தக் கப்பல் போக்கு நின்றது. பிறகு எல்லாம் விமானம். விளையும் உலகத்திலிருந்து புறப்பட்டு, பொருள் செய்யும் உலகத்துக்குப் போய், அங்கிருந்து டிவியும் கம்ப்யூட்டரும் தூக்கி வருவது எங்கள் வாப்பாமார்கள் வாழ்ந்த வாழ்க்கை. எதற்கு எவ்வளவு டியூட்டி, எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உண்டு. இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கற்பனை செய்த அண்டத்துக்குள் எங்கள் ஊர்ப் பொருளாதாரம் அப்படியே இருந்தது.

இதில் கஷ்டமான இடம் சண்டை இல்லை, கலத்தைக் கட்டுவது. விண்நிலையம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் முகத்தில் ஒரு நீளச் சந்து. முதலில் சந்துக்கு நேர் எதிரே, நல்ல தூரத்தில் போய் நிற்க வேண்டும். திரும்பி, குறியை நிலையத்தின் நடுவில் வைத்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கிட்டே வந்ததும் நிலையம் சுழலும் திசையில் நம் கலத்தையும் சுழற்றி, சந்து நமக்குப் படுக்கையாகத் தெரியும்படி பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வெடித்துவிடும். சரக்கும் போச்சு, சம்பாத்தியமும் போச்சு. சாவிகளை லேசாகத் தட்டித் தட்டித்தான் இதைச் செய்ய முடியும். அழுத்திப் பிடித்தால் தப்பு. ‘எலைட்’ என்ற பட்டத்துக்கு 6,400 கலங்களை வீழ்த்த வேண்டும். அந்தப் பட்டத்தை நான் தொட்டதில்லை. தொட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எலைட்டைச் சுமந்த அந்த பிபிசி மைக்ரோவின் வம்சம் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் புதிதாக ஒரு சில்லை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சில்லு கைக்கு வந்தபோது அதை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். அதுதான் ஆர்ம். உலகத்தின் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனிலும் இன்று ஓடுவது அதன் வழிவந்த சில்லுகள்.

உப்புக்காற்றில்

என்னிடம் இப்போது ஓடுகிற ஸ்பெக்ட்ரம் ஒன்று இருக்கிறது. கடற்கரை ஊரில் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. முதலில் போவது சாவிப்பலகை. ரப்பருக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் வால், வயதாகி முறுகி, மூடியைத் திறக்கும்போதே விரிசல் விடும். புதிய தாள்கள் இன்றும் செய்து விற்கிறார்கள், மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது கெப்பாசிட்டர்கள், நாற்பது வருடத்தில் அவை கசிந்திருக்கும். முதல் 16 கே நினைவகச் சில்லுகளுக்கு மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும்: 5, 12, மைனஸ் 5. இதில் மைனஸ் 5 நின்றுபோனால் சில்லுகளே சாகும். திரையில் கட்டங்களும் கோடுகளுமாகக் குப்பை தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். நம் ஊரில் பழைய டிவி, ரேடியோ ரிப்பேர் செய்த கைகளுக்கு இது எல்லாமே தெரிந்த வேலை. அப்படி ஒரு கைதான் என்னுடையதையும் எழுப்பிக் கொடுத்தது.

பழைய மெஷினே வேண்டும் என்று இல்லை. 2024 நவம்பரில் ‘தி ஸ்பெக்ட்ரம்’ என்று அதே ரப்பர் சாவிகளோடு புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பிபிசி மைக்ரோவை பிரவுசருக்குள்ளேயே ஓட்டலாம், செலவே இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும். ஆனாலும் உண்மையான மெஷினில், உண்மையான பிக்சர் டியூப் டிவியில் ஆடும்போது சாவியைத் தட்டிய கணத்திலேயே கலம் நகர்கிறது. இன்றைய பெரிய தட்டை டிவிகள் பலவற்றில் படம் ஓர் இமைப்பொழுது பின்தங்கித்தான் வரும். கேலக்ஸியன் வகை ஆட்டத்தில் அந்த இமைப்பொழுது ஓர் உயிர்.

திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. சென்னையில் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. வானத்தைக் காட்டும் அந்த இடங்களில் ஒரு மூலையில், ஓடுகிற நிலையில், ஒரு பிபிசி மைக்ரோவை வைக்கலாம். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆர்கேடியன்ஸ் ஆடட்டும். ஆடி முடித்தவர்களுக்கு ஒரு கிராஃப் தாள் கொடுக்கட்டும். பள்ளிகளின் பழைய சாமான் அறைகளைத் தேடினால், அந்த 12,000இல் ஒன்றிரண்டாவது கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுப் பரணில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்ததும் கரண்டில் போட்டுவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ், வெளியே பிளஸ். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நேர் எதிராக இருக்கும். செருகினால் அப்போதே போய்விடும். மெஷினைவிட முக்கியம் கூட இருக்கும் கேசட்டுகள். கடையில் விற்ற விளையாட்டுகளை உலகம் முழுக்க ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் சேகரித்து வைத்துவிட்டார்கள். அவை எங்கும் போகாது. பேனாவால் பெயர் எழுதிய கேசட்டுகளைத் தேடுங்கள். நாகூரிலோ திருவாரூரிலோ மாயவரத்திலோ ஒரு பையன் தானே வரைந்த எதிரியை, தானே எழுதிய இருபது வரிகளைப் பதிந்து வைத்தது அதில் இருக்கலாம். அதற்கு வேறு பிரதி கிடையாது. ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, டேப்பை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திவிட்டு, லேப்டாப்பில் ஒலியாகப் பதிந்துகொள்ளுங்கள். முதல் முறை ஏறாவிட்டால் ஹெட் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, இரைச்சல் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, மறுபடி பதியுங்கள்.